டூம் 3: கையில் டார்ச்சா, துப்பாக்கியா?

பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு கேமைத் தப்பான காரணத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பதிவு அதைத் திருத்திக்கொள்ளத்தான். திட்டுவதையே விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இனிமேல் சரியான காரணத்துக்காகத் திட்டலாம் என்று எண்ணம்.

கேம், டூம் 3. டெக்ஸஸில் இருக்கும் ஐடி சாஃப்ட்வேர் 2004 ஆகஸ்ட் 3ஆம் தேதி வெளியிட்டது. 1993இல் வந்த டூம், 1994இல் வந்த டூம் 2, இரண்டுக்கும் பத்து வருடம் கழித்துப் பிறந்த தம்பி. அண்ணன்கள் இருவரும் நிற்காமல் ஓடுகிறவர்கள். டூம் 2இல் ஒரே லெவலில் நூறு பிசாசுகளுக்கு மேல் வரும். நீங்கள் ஓடிக்கொண்டே சுட வேண்டும், சுட்டுக்கொண்டே ஓட வேண்டும். தம்பி நேர் எதிர். மெதுவாக நடப்பான். இருட்டில் நிற்பான். ஒரு நேரத்தில் மூன்று நான்கு பிசாசுகளுக்கு மேல் அவனுக்குத் தாங்காது. அதனால் டூம் ரசிகர்கள் அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தார்கள், இன்றைக்கும் அப்படியே இருக்கிறார்கள். "நல்ல கேம், ஆனா டூம் இல்லை" என்று ஒரு கட்சி. "பயமுறுத்தத் தெரிந்த ஒரே டூம் இதுதான்" என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் மோதிக்கொள்ளும் மைதானம் ஒன்றே ஒன்று. டார்ச் லைட்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2145ஆம் வருடம், செவ்வாய் கிரகத்தில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம். நரகத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது, பாதி விளக்குகள் போய்விடுகின்றன. நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ராணுவ வீரர். உங்களிடம் ஒரு டார்ச் இருக்கிறது. ஆனால் அதை ஒரு ஆயுதம் மாதிரித்தான் கையில் எடுக்க முடியும். டார்ச்சை எடுத்தால் துப்பாக்கி உள்ளே போய்விடும். துப்பாக்கியை எடுத்தால் வெளிச்சம் போய்விடும். பார்க்கலாம், அல்லது சுடலாம். இரண்டும் சேர்ந்து கிடையாது. ரொம்ப அவசரம் என்றால் டார்ச்சாலேயே மண்டையில் ஒரு போடு போடலாம், அவ்வளவுதான்.

"செவ்வாய்க்குப் போகத் தெரிந்தவனுக்கு நாலு முழம் டேப் கிடைக்கலையா?" என்பதுதான் அன்றைய கேலி. கேலியோடு நிற்கவில்லை. கேம் வெளிவந்த சில நாட்களிலேயே ஒரு ரசிகர் "டக்ட் டேப்" என்ற பெயரிலேயே ஒரு மாட் எழுதி வெளியிட்டுவிட்டார். மெஷின் கன்னிலும் ஷாட்கன்னிலும் டார்ச்சை ஒட்டிக் கொடுக்கும் சின்ன மாட். நான் இந்த கேமை முதலில் விளையாடியது 2005இல், நான்கு பேர் தங்கியிருந்த ஒரு வாடகை அறையில், நண்பனின் கம்ப்யூட்டரில். அவன் அந்த மாட்டை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். அதாவது, நான் டூம் 3ஐ அதன் அசல் வடிவில் அன்று விளையாடவே இல்லை. விளையாடாமலேயே அந்த டார்ச் ஒரு முட்டாள்தனமான டிசைன் என்று பதினைந்து வருடம் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில்தான் முதல்முறையாக மாட் எதுவும் இல்லாமல் ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்து விளையாடினேன். கூடவே சோர்ஸ் கோடையும் திறந்து வைத்துக்கொண்டேன்.

கோடைத் திறந்ததற்குக் காரணம் உண்டு. டேப் கட்சிக்கு எதிராக எங்களைப் போன்ற இன்ஜினியர்கள் சொல்லும் ஒரு சமாதானம் இருக்கிறது: "பாவம்ப்பா, அந்த எஞ்சினால் முடியாது. அதான் கையில் தனியாகக் கொடுத்தார்கள்." கேட்க நன்றாக இருக்கும். நானே நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த எஞ்சின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் அப்பா ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார், டார்ச் பிடிப்பது என் வேலை. எங்கே பிடித்தாலும் அவர் கையின் நிழல் சரியாக ஃபியூஸ் கட்டை மேலேயே விழும். "ஒழுங்கா பிடிடா" என்று திட்டு விழும். அந்த நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். டூம் 3 கணக்குப் போடுவது அந்த மாதிரி நிழல்களைத்தான். விளக்கிலிருந்து பார்த்தால் ஒரு பொருளின் வெளிவிளிம்பு எதுவோ, அந்த விளிம்பைப் பின்னால் நீட்டி ஒரு இருட்டுக் கூம்பு மாதிரி கட்டுகிறது. அந்தக் கூம்புக்குள் இருக்கும் எதற்கும் அந்த விளக்கின் வெளிச்சம் கிடையாது. இதற்கு முன் ஐடியின் குவேக் கேம்களில் சுவர், தரை எல்லாவற்றின் வெளிச்சத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒட்டிவைத்துவிடுவார்கள். அழகாக இருக்கும், ஆனால் அசையாது. டூம் 3இல் எல்லாம் அந்தந்த நொடியில் நடக்கிறது. விளக்கு ஊஞ்சலாடினால் அறை முழுக்க நிழலும் சேர்ந்து ஆடும். சுவருக்கு ஒரு விதி, பிசாசுக்கு ஒரு விதி என்று கிடையாது. 2001 பிப்ரவரியில் டோக்கியோ மேக்வேர்ல்டில் ஜான் கார்மக் மேடையேறி இதைக் காட்டியபோது எல்லோரும் வாயைப் பிளந்ததற்கு அதுதான் காரணம்.

இதற்கு விலை இருந்தது. எஞ்சின் முதலில் மொத்த அறையையும் கறுப்பாக வரைகிறது. பிறகு ஒவ்வொரு விளக்காக எடுத்து, அது படும் இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஒரே தரையில் மூன்று விளக்கு பட்டால் அந்தத் தரையை மூன்று தடவை வரைய வேண்டும். அதனால் லெவல் கட்டுகிறவர்கள் விளக்குகளைக் குறைத்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் தள்ளித் தள்ளி வைப்பார்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும் கணக்கு இல்லை. ஆகவே விளக்கு படாத மூலை என்றால் சுத்தக் கறுப்பு. நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு இருட்டு அபூர்வம். நிழலின் விளிம்பைக் கண்டுபிடிப்பதும், பிசாசின் எலும்புக்கூட்டை அசைத்து அதன் உடம்பை நகர்த்துவதும் பெரும்பாலும் சிபியு செய்த வேலை. இதனால்தான் ஒரு அறைக்கு மூன்று நான்கு பிசாசுகள். பழைய டூமின் பிசாசுகள் தட்டையான படங்கள். நூறு நிறுத்தினாலும் செலவு கிடையாது. கதாபாத்திரங்களின் மண்டை கொஞ்சம் கோணல்மாணலாக வெட்டிய மாதிரி இருக்கிறது என்று அன்று கிண்டல் செய்தார்களே, அதுவும் இதே கணக்குதான். விளிம்பு குறைவாக இருந்தால்தான் நிழல் சீக்கிரம் முடியும்.

(ஒரு கிளைக்கதை. இந்த நிழல் உத்திக்குக் கார்மக்கின் பெயரே ஒட்டிக்கொண்டது, ஆனால் அதே உத்திக்கு சவுண்ட் கார்டு செய்யும் க்ரியேட்டிவ் நிறுவனம் 1999இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. கேம் வெளிவருவதற்கு முன், 2004 ஜூலையில், ஒரு சமரசம்: உத்தியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பதிலுக்கு எங்கள் இஏஎக்ஸ் ஒலித் தொழில்நுட்பத்தைக் கேமில் சேருங்கள். 2011 நவம்பரில் சோர்ஸ் கோடை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடும்போது வழக்கறிஞர்கள் தயங்கினார்கள் என்று கார்மக் அந்தச் சில வரிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. சில வரிகள்தான்! காப்புரிமை பற்றி யாராவது என்னிடம் பெருமையாகப் பேசினால் இந்தக் கதையைச் சொல்வேன்.)

ஆக, குறைந்த பிசாசுகள், மையிருட்டு, இரண்டுக்கும் எஞ்சின்தான் காரணம் என்று சொல்லலாம். டார்ச்சுக்கும் அதுதான் காரணமா?

வெப்பன்.சிபிபி என்று ஒரு ஃபைல். ஆயுதங்கள் எல்லாம் அதற்குள்தான். டார்ச்சைத் தேடினேன். டார்ச்சுக்கு என்று தனியாக ஒரு விளக்கு அங்கே இல்லை. துப்பாக்கி சுடும்போது குழல் முனையில் ஒரு தீப்பொறி வெளிச்சம் வருமே, ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதற்கென்று ஒரு விளக்கு கொடுத்திருக்கிறார்கள். டார்ச்சை ஆன் செய்யும் ஃபங்ஷன் அந்தத் தீப்பொறி விளக்கைத்தான் கூப்பிடுகிறது. ஒரு கொடியை ஆன் செய்துவிட்டு, அணையாமல் பார்த்துக்கொள்கிறது. கோடின் கண்ணில், டார்ச் என்பது சுட்ட பொறி அணையாமல் நிற்கும் ஒரு துப்பாக்கி.

இதைப் பார்த்ததும் ஆஹா, சிக்கியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஆயுதத்துக்கு ஒரே ஒரு விளக்கு என்றால், டார்ச் ஒட்டிய ஷாட்கன்னுக்கு இரண்டு விளக்கு வேண்டும். அதற்கு இடம் இல்லை. எனவே டார்ச் தனி. இன்ஜினியர் சமாதானம் ஜெயித்தது என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் நம் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இது அரை நாள் வேலை. இன்னொரு வேரியபிள் சேர்த்தால் தீர்ந்தது. அதைச் செய்தும் காட்டினார்கள். 2005 அக்டோபரில் ரேவன் சாஃப்ட்வேர் இதே எஞ்சினில் குவேக் 4 செய்தது. அதன் ஆயுதக் கோடில் தீப்பொறிக்கு ஒரு இடம், டார்ச்சுக்கு இன்னொரு இடம் என்று தனித்தனியாக இருக்கிறது. பிளாஸ்டரிலும் மெஷின் கன்னிலும் டார்ச் பொருத்தியே வருகிறது. டேப் கட்சி கேட்டது முழுக்கக் கிடைத்த கேம் அது. குவேக் 4இன் டார்ச்சைப் பற்றி யாராவது ஒரு வாக்கியம் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இருட்டும்கூட எஞ்சினின் தலைவிதி இல்லை. தீஃப் விளையாட்டின் ரசிகர்கள் டூம் 3 எஞ்சினை எடுத்து த டார்க் மாட் என்று ஒரு திருடன் கேம் செய்தார்கள். பல வருடம் டூம் 3 தேவைப்பட்டது, 2013இல் தனியாகவே ஓடும்படி ஆனது. அதில் ஒவ்வொரு மேப்பிலும் மெல்லிய பொது வெளிச்சம் ஒன்று பரவியிருக்கும். அங்கே இருட்டு உங்கள் நண்பன், அதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். எந்த இருட்டு எவ்வளவு கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆட்டம் நடக்கும், எனவே கொஞ்சம் வெளிச்சம் தேவை. அதே எஞ்சின், வேறு தேவை, வேறு இருட்டு.

ஆகவே டார்ச்சைக் கையில் கொடுத்தது ஐடியின் முடிவு. முடியாமல் செய்தது இல்லை. இப்போதுதான் அதை நல்லது கெட்டது என்று பேச முடியும்.

மாட் இல்லாமல் விளையாடியபோது ஆல்ஃபா லேப்ஸ் பகுதியில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அறைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று டார்ச் அடிப்பேன். இடது பக்கம் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் ஒரு குழாய், வலது ஓரத்தில் படிக்கட்டு. பிறகு டார்ச்சை வைத்துவிட்டு ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு, நினைவில் இருக்கும் அறைக்குள் நடப்பேன். டார்ச் வெளிச்சம் வட்டமாகச் சின்னதாக இருப்பதால் அறையை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது, துண்டு துண்டாகத்தான். எங்கேயோ ஒரு துண்டை விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சந்தேகம்தான் இந்த கேமின் பயம். முகத்துக்கு நேரே பாயும் பிசாசு அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, இதை டேப் போட்டு விளையாடியவனால் கண்டுபிடிக்கவே முடியாது. கையில் துப்பாக்கி இருக்கும்போது வெளிச்சம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. இம்ப் என்ற பிசாசு எறியும் நெருப்புப் பந்து ஒரு விளக்கு. அது உங்களை நோக்கி வரும்போது வழியில் இருக்கும் சுவரையெல்லாம் காட்டிக்கொண்டே வரும். பிளாஸ்மா துப்பாக்கியின் குண்டு நீல வெளிச்சத்தோடு பறக்கிறது. சுட்டால் குழல் முனைப் பொறியில் எதிரில் இருப்பவன் முகம் ஒரு கணம் தெரிந்து மறையும். இருட்டில் சத்தம் கேட்டு, எங்கே என்று தெரியாமல், பார்ப்பதற்காகவே ஒரு குண்டை வீணாக்கியிருக்கிறேன். அந்தக் குண்டு எனக்கு ஒரு தீக்குச்சி. எதிரி தாக்கினால்தான் எதிரி தெரிவான், நான் தாக்கினால்தான் அறை தெரியும். நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு நிழல் எஞ்சின் எழுதினார்களே, அதை வேடிக்கை பார்க்கும் பொருளாக விட்டுவிடாமல் ஆட்டத்தின் விதியாகவே ஆக்கியது இந்த ஒரு இடத்தில்தான். டார்ச்சைத் துப்பாக்கியில் ஒட்டிவிட்டால் இதில் எதுவும் நடக்காது. எப்போதும் ஒரே வட்ட வெளிச்சம், அதற்கு நடுவில் குறி. நெருப்புப் பந்து வெறும் நெருப்புப் பந்து ஆகிவிடும். 2005இல் நான் விளையாடியது அந்த கேமைத்தான், அது சுமாரான கேம் என்று நான் சொன்னதிலும் தப்பில்லை!

அதே ஆல்ஃபா லேப்ஸில் ஒரு காட்சி. ஒரு விஞ்ஞானி, கையில் விளக்கு. அவர் முன்னால் நடக்க, நீங்கள் துப்பாக்கியோடு பின்னால் போக வேண்டும். அவர் வேகத்துக்குத்தான் நடை. பயத்தில் அவர் திரும்பும்போதெல்லாம் விளக்கும் திரும்பும், நிழல்கள் எல்லாம் இடம் மாறும். ஸ்டூலில் நின்ற அப்பாவின் எரிச்சல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெளிச்சத்தை இன்னொருவர் வைத்திருந்தால் எவ்வளவு கோபம், எவ்வளவு நன்றி! டார்ச் விதி இல்லாவிட்டால் இந்தக் காட்சிக்கு அர்த்தமே கிடையாது. பின்னால் ஓரிரு இடங்களில் சிலந்தி மாதிரி ஒரு காவல் ரோபோ விளக்கும் துப்பாக்கியுமாகத் துணைக்கு வரும். அதன் மேல் எனக்கு வந்த பாசம், கதையில் வரும் எந்த மனிதர் மேலும் வரவில்லை.

டேப் கட்சியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் "நிஜத்தில் இப்படி இருக்குமா?" என்று கேட்டார்கள். கேமில் நிஜத்தைக் கேட்பது அசட்டுத்தனம் என்று எதிர்க்கட்சி சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்ததே டூம் 3தான். பழைய டூமில் நீங்கள் யார், சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதில் செத்துக் கிடக்கும் ஒவ்வொரு ஊழியரின் கையடக்கக் கருவியையும் எடுத்து அவர்களுடைய மின்னஞ்சலைப் படிக்கலாம், குரல் குறிப்புகளைக் கேட்கலாம், லாக்கர் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஒரு லாக்கரின் எண் தெரிய வேண்டுமென்றால் மார்ஷியன் படி என்ற இணையதளத்துக்கு நிஜமாகவே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தளத்தை ஐடியே நடத்தியது (0508, இன்னும் மறக்கவில்லை). சுவரில் இருக்கும் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் போனால் துப்பாக்கிக் குறி மவுஸ் ஆகிவிடும், அந்தத் திரையையே தட்டலாம். இன்று வரை அதைவிட நன்றாக யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒரு அலுவலகத்தைக் கட்டிவிட்டு, டார்ச் விஷயத்தில் மட்டும் "விதி என்றால் விதி" என்றால் எப்படி? நான் படித்த அத்தனை மின்னஞ்சல்களில் ஒன்றில், ஆயுதங்களில் விளக்கு பொருத்துவதைக் கம்பெனி செலவு மிச்சத்துக்காக நிறுத்திவிட்டது என்று ஒரு புலம்பல் இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. கம்பெனியின் குணத்துக்கும் பொருத்தமாக இருந்திருக்கும்.

"டூம் என்றால் வேகம், இருட்டு எதற்கு?" என்பதும் முழுக்கச் சரியில்லை. முதல் டூமிலேயே இரண்டாவது லெவலில் விளக்கு துடிக்கும் ஒரு இருட்டுச் சந்து உண்டு. மூன்றாவது லெவலில் ஒரு சாவியை எடுத்தால் விளக்கு அணைந்து, பின்னால் சுவர் திறந்து இம்ப்கள் வரும். ஆனால் அதே முதல் டூமில் இருட்டுக்கு ஒரு மருந்தும் வைத்திருந்தார்கள்: கண்ணாடி மாதிரி ஒரு பொருள், எடுத்து மாட்டினால் 120 விநாடிக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். கை காலியாகவே இருக்கும். அண்ணனுக்கும் இருட்டு தெரியும், ஆனால் அவன் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லவே இல்லை. தம்பி சொன்னான். ரசிகர்களுக்கு வலித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஐடியே இறங்கி வந்தது. 2012 அக்டோபரில் டூம் 3 பிஎஃப்ஜி எடிஷன். டார்ச் கவசத்தில் ஏறிவிட்டது, எந்தத் துப்பாக்கியோடும் எரியும். அறைகளின் வெளிச்சமும் கூட்டப்பட்டது, தோட்டாக்களும் தாராளம். சும்மா கொடுத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் டார்ச்சுக்கு ஒரு பேட்டரியும் வைத்தார்கள். அந்தக் கோடும் வெளியாகியிருக்கிறது. முழு பேட்டரி தீர 30 விநாடி, முழுசாக ஏற 3 விநாடி. இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். அசலில் டார்ச்சை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஒன்றை இழக்கிறீர்கள். பிஎஃப்ஜியில் மூன்று விநாடி சும்மா நிற்கிறீர்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது மாதிரி. ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்து, கேட்காத ஒரு தொந்தரவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 2019இல் கன்சோல்களுக்கு மறுபடி வந்ததும் இந்தத் தோள் டார்ச் வடிவம்தான். கம்ப்யூட்டரில் அசலைத் தேடிப் பிடித்து, டியூம்3 போன்ற இலவச போர்ட்டில் ஓட்டினால்தான் பழைய ஆட்டம். இன்று புதிதாக வாங்கும் ஒருவர் டூம் 3 ஏன் இவ்வளவு சண்டையைக் கிளப்பியது என்று தலையைச் சொறிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டைக்குக் காரணமான பொருளையே எடுத்துவிட்டார்களே.

சரி, திட்டுகிறேன் என்றேனே.

டூம் 3இன் உண்மையான கோளாறு சுவர்களில் இருக்கிறது. ஒரு கவசம் தரையில் கிடக்கும். எடுப்பீர்கள். பின்னால் சுவர் ஒன்று திறக்கும், உள்ளே ஒரு இம்ப். முதல் தடவை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான்காவது தடவை கவசத்தைப் பார்த்ததுமே திரும்பி நின்று, பின்பக்கமாக நடந்துபோய் அதை எடுத்தேன். சுவர் திறந்தபோது இம்ப்பின் மூக்குக்கு நேரே ஷாட்கன் இருந்தது. எனக்கு அந்த இம்ப்பைப் பார்த்துப் பாவமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒன்று, திரும்பினால் ஒன்று என்று இந்த ஏற்பாடு மணி அடித்த மாதிரி நடக்கிறது. சந்தேகம் இருக்கும் வரைக்கும்தான் டார்ச் விதிக்கு உயிர். அறையில் எதுவும் இல்லாமலும் போகலாம் என்றால்தான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். எப்படியும் ஒன்று வரும், இந்தப் பக்கம்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் டார்ச் எதற்கு? ஷாட்கன்னைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும். அந்த ஷாட்கன்னும் குண்டை விசிறி மாதிரி இறைக்கும். கிட்டே வந்தால்தான் பயன். ஆக, மூக்குக்கு நேரே வரும் பிசாசுக்காகவே செய்த துப்பாக்கி. இருட்டும் டார்ச்சும் சேர்ந்து கட்டியதை லெவல் கட்டியவர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

நீளம் இன்னொரு பாவம். டெல்டா லேப்ஸ் வந்து சேர்வதற்குள் அதே இரும்புத் தாழ்வாரம், அதே ஆவி கசியும் குழாய், அதே தொலைபேசிக் குரல். நடுவில் நரகம் வருகிறது. ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு அங்கே இறக்கிவிடுகிறார்கள். எங்கும் சிவப்பு வெளிச்சம், பெரிய பெரிய வெளிகள், மூச்சு வாங்காமல் ஓடலாம். அண்ணன்களின் வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். மொத்த கேமில் மிக அழகான பகுதியும் அதுதான். அது முடிந்ததும் மறுபடி தாழ்வாரத்தில் கொண்டுவந்து விடும்போது வரும் சலிப்பு இருக்கிறதே! டார்ச் என்ற ஒரு நல்ல யோசனை எட்டு மணி நேரம் தாங்கும். இவர்கள் அதை அதைப் போல இரண்டு மடங்கு இழுத்திருக்கிறார்கள்.

2016இல் வந்த டூம் இந்தச் சண்டையையே தாண்டிப் போய்விட்டது. டார்ச் கிடையாது, ரீலோட் கிடையாது, இருட்டும் அநேகமாகக் கிடையாது, ஓடு, சுடு. ரொம்பப் பிடித்த கேம். ஆனால் அதில் எந்த அறையும் எனக்கு மனப்பாடம் இல்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன், 2005இல் மாட் போட்டுக் கொடுத்த அந்த நண்பனுக்கு போன் செய்து ஒரு மணி நேரம் விளக்கினேன். நெருப்புப் பந்து, தீப்பொறி விளக்கு, பேட்டரி விநாடிகள் எல்லாம். பொறுமையாகக் கேட்டான். "டெல்டா லேப்ஸ் வரைக்கும் நீ சொல்றது சரிடா. அதுக்கப்புறம் டேப் வேணும்" என்றான். பிறகு, "நீ கடைசி வரைக்கும் மாட் இல்லாமதான் முடிச்சியா?" என்று கேட்டான்.

இல்லை. நரகத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரியே போட்டுக்கொண்டேன்.